எல்லாருக்கும் பொதுன்னா, மடையை யாரு பாக்குறது?

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வர முடியலை. ஆணி அதிகம். அதுவும் என் சொந்த ஆணின்னா பரவாயில்ல, ஊர்ப் பொது ஆணி. அதைப் பத்தின புலம்பல்தான் இது.

பொட்டி தட்டாத மக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரு கம்பெனியில பத்து டீம் இருந்தா, பத்துக்குமே தேவைப்படுற சில மென்பொருள் துண்டுகள் இருக்கும். பில்லுக்கு வரி கணக்குப் போடுறது, ரசீது அச்சடிக்கிறது, உள்ளே வர்ற ஆள் யாருன்னு பாக்குறது, இந்த மாதிரி. யாரோ ஒருத்தர் எப்பவோ எழுதி வச்சிருப்பார். மத்தவங்க எல்லாம் எடுத்துப் புழங்குவாங்க. வெளியில விக்கிற சரக்கு இல்லங்கிறதால அதுக்குன்னு ஆளும் கிடையாது, பட்ஜெட்டும் கிடையாது. கேட்டா, "அது எல்லாருக்கும் பொதுப்பா, எல்லாரும் சேர்ந்து பாத்துக்குங்க"ன்னு மேல இருந்து பதில் வரும்.

இந்த 'எல்லாரும் பாத்துக்குங்க'வைத்தான் நான் சுத்தப் பொய்ங்கிறேன்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு ஆபீஸ்ல நடந்தது இது. வரி கணக்குப் போடுற பொதுத் துண்டு ஒண்ணு இருந்துச்சு. எழுதின அண்ணன் வேற வேலைக்குப் போயிட்டார். 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்துச்சு பாருங்க, அதுக்கு மாத்தியாகணும். யாரு மாத்துறது? தலை போற அவசரம். ஆளாளுக்கு அதை நகல் எடுத்துட்டுப் போய் தனித்தனியா மாத்திக்கிட்டாங்க. ஒண்ணு அஞ்சாச்சு. ஒருத்தர் வரியை ஒவ்வொரு வரிசைக்கும் ரவுண்ட் பண்ணினார், இன்னொருத்தர் மொத்தத் தொகைக்கு ரவுண்ட் பண்ணினார். ஒரே பில், ரெண்டு திரையில ரெண்டு தொகை. வித்தியாசம் சில காசுதான். ஆனா கடைக்காரருக்கு மாசக் கடைசியில கணக்கு உதைச்சா, அவர் காசைப் பாக்க மாட்டார், நம்ம மூஞ்சியைத்தான் பாப்பார்.

எங்க டீம்ல ஒரு பொண்ணு, சேர்ந்து ஒரு வருஷம்தான் இருக்கும். யாரும் கேக்காமலே சாயங்காலம் உக்காந்து உக்காந்து அந்த அஞ்சையும் ஒண்ணாக்கினா. நல்லாவே பண்ணியிருந்தா. ஆனா அவளுக்குத் தெரியாத ஒரு மூலையில வேற டீமோட ரசீது அச்சு நின்னு போச்சு. மீட்டிங் கூட்டினாங்க. "உன்னை யாரு அதைத் தொடச் சொன்னா?"ன்னு கேட்டாங்க. பொதுச் சொத்துன்னு சொன்ன அதே வாய்தான்! அந்த வருஷ மதிப்பீட்டுல 'தன் வேலையை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறார்'னு எழுதிட்டாங்க. அடுத்த வருஷம் வேற இடம் பாத்துக்கிட்டுப் போயிட்டா.

அந்த மீட்டிங்ல நானும் இருந்தேன். வாயைத் திறக்கலை. இந்தப் பதிவை அதுக்கான அபராதம்னு வச்சுக்குங்க.

2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி விகிதங்கள் மாறினப்ப அங்க இன்னும் இருக்குற நண்பன் போன் பண்ணினான். அஞ்சு நகல் இப்ப ஏழு ஆகியிருக்காம். ராத்திரி முழுக்க ஏழு இடத்துலயும் மாத்திக்கிட்டு இருந்திருக்கான்.

எனக்குச் சொந்த ஊர் திருமயம் பக்கம். ஜீவநதி கிடையாது, மழைத் தண்ணியும் கண்மாயும்தான். கண்மாய் ஊருக்கே பொது. ஆனா மடையைத் திறக்குறதும் அடைக்கிறதும் எல்லாரும் பண்ற வேலையா இருந்ததில்ல. அதுக்கு நீர்ப்பாய்ச்சின்னு ஆள் இருந்தாங்க. எந்த வயலுக்கு எப்போ தண்ணி, வரத்துக்கால் எங்க அடைஞ்சிருக்கு, எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். அறுவடையில அவங்களுக்குன்னு நெல் பங்கு உண்டு. குடிமராமத்துன்னு ஊரே கூடி மண்வெட்டி எடுத்ததும் உண்மைதான். அதுகூட வெறும் நல்லெண்ணத்துல ஓடலை. வழக்கப்படி வேலைக்கு வராதவங்ககிட்ட பணமா வசூல் பண்றதுக்கு 1858-லயே சென்னை மாகாணத்துல சட்டம் போட வேண்டியிருந்துச்சு.

பழசைப் பொற்காலமாக்குறேன்னு நினைக்காதீங்க. நீர்ப்பாய்ச்சி வேலை பல ஊர்ல தலித் மக்கள் தலையில கட்டப்பட்டது. பொறுப்பு முழுக்க அவங்களுக்கு, மரியாதை மட்டும் கரையில நிக்கிறவங்களுக்கு. பராமரிப்பு வேலைன்னாலே மட்டம்ங்கிற அந்தப் புத்திதான் ஏசி ரூம்லயும் உக்காந்திருக்கு. புதுசா எழுதினவனுக்குக் கைத்தட்டல், ஓடுறதை ஓட வைக்கிறவனுக்குத் திட்டு.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்ல. 2014-ல ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தப்ப, பாதி இணையமே நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு முழுநேர ஆள் ஒருத்தர்தான்னு தெரிஞ்சுது. வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். 2024 மார்ச்ல எக்ஸ்இசட் விவகாரம். தனியா இழுத்துக்கிட்டுக் களைச்சுப் போயிருந்த பராமரிப்பாளர்கிட்ட உதவி பண்ற மாதிரி வந்து, ரெண்டு வருஷத்துக்கு மேல நம்பிக்கை சம்பாதிச்சு, கொல்லைப்புறக் கதவு வச்சுட்டாங்க. உள்நுழைய அரை நொடி கூடுதலா ஆகுதேன்னு ஒருத்தர் நோண்டிப் பாத்ததால தப்பிச்சோம்.

"கூகுள்ல எல்லாக் கோடும் ஒரே இடத்துல பொதுவா இருக்கே"ன்னு உடனே ஒருத்தர் வருவார். இருக்கு சாமி. அங்கயும் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்புன்னு அதுக்குள்ளயே பேர் எழுதி வச்சிருக்காங்க. அவங்க சரின்னு சொல்லாம மாத்தம் உள்ளே போகாது. அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க.

பக்கத்துல கேரளாவையே பாருங்களேன். 2001-ல ஐடி அட் ஸ்கூல்னு ஆரம்பிச்சு, 2017-ல கைட்னு தனி நிறுவனமே ஆக்கி, அரசுப் பள்ளிகளுக்கான லினக்ஸை ஒரு குழு பாத்துக்குது. வாத்தியார்களே பயிற்சியாளர்களா இருக்காங்க. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தனித்தனியா மல்லுக்கட்ட வேண்டியதில்ல.

நான் கேக்குறது பெரிய சேனை இல்ல. பத்து டீமுக்கு ரெண்டு மூணு பேர், அதுவே அவங்க முழுநேர வேலையா. மத்தவங்களும் திருத்தம் அனுப்பலாம், இவங்க பாத்துச் சேர்ப்பாங்க. புழங்குற எல்லா டீமோட சோதனையையும் ஓட்டிப் பாத்த பிறகுதான் புதுப் பதிப்பு. பழசு எப்போ நிக்கும்னு முன்கூட்டியே தேதி. 'முடியாது'ன்னு சொல்ல அதிகாரம். முக்கியமா, மதிப்பீட்டுல இந்த வேலைக்கு மார்க்.

"தனிக் குழு வச்சா அவங்க வாசல்ல வரிசையில நிக்கணுமே"ங்கிறது நியாயமான கேள்விதான். அதுக்குத்தான் ஆறு மாசத்துக்கு ஒருத்தரை மத்த டீம்ல இருந்து மாத்தி மாத்தி அனுப்பணும். வாசல் ரெண்டு பக்கமும் திறந்திருக்கும். "செலவு ஆகுமே"ன்னு சொல்றவங்க, ஏழு பேர் ஏழு ராத்திரி முழிச்ச கூலியை எந்தக் கணக்குல எழுதுறாங்கன்னு சொல்லட்டும்.

வருஷத்துக்கு ஒரு நாள் பீட்சா வாங்கிக் குடுத்து 'ஹேக்கத்தான்' நடத்துறது, ஒரு தடவை ஜேசிபி விட்டுத் தூர்வாரி போட்டோ எடுக்குற மாதிரி. அடுத்த மழைக்கு மடையில யார் நிக்கிறாங்க? அந்தப் பேரைச் சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

டிஸ்கி: அந்தப் பொண்ணு இப்போ வேற ஊர்ல, இதே மாதிரி பொதுத் துண்டுகளைப் பாத்துக்குற குழுவுல இருக்கா. சம்பளத்தோட, பேரோட. இதைப் படிச்சா, தங்கச்சி, அன்னிக்கு நான் எந்திரிச்சுப் பேசியிருக்கணும்.