தப்பு செய்த பிள்ளை எங்கே ஓடும்?

சகோதரிகளே, இந்த முறை சமையல் குறிப்பு இல்லை. என் வீட்டில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நமக்குள் என்ன ஒளிவு மறைவு?

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் சின்னவன் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் 22 மார்க். ரேங்க் கார்டு கொடுத்த அன்று, விளக்கு வைத்த பிறகும் பிள்ளை வீடு வந்து சேரவில்லை. ராயபுரத்தில் எங்கள் தெரு பூராவும் தேடினோம். எண்ணூரில் ஷிப்ட் முடிந்து வந்த அவன் அப்பா, சட்டைகூட மாற்றாமல் மறுபடி கிளம்பிப் போனார். ராத்திரி ஒன்பது மணிக்குக் காசிமேட்டில், காயப்போட்ட வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானாம். "ஏன்டா வீட்டுக்கு வரலை?" என்று கேட்டதற்கு, "அம்மா கரண்டியால அடிப்பாங்கப்பா" என்றானாம்.

அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. அடியாத மாடு படியாது என்று நம்பி வளர்ந்தவள் நான். ஞாயிறு தவறாமல் இராயப்பர் கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவள். அன்பைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன்! ஆனால் என் பிள்ளைக்கு என் அன்பு தெரியவில்லை, கரண்டிதான் தெரிந்திருக்கிறது.

எங்கள் தெரு ஜெபக் கூட்டத்துக்கு வரும் வயதான டீச்சரம்மா ஒருவரிடம் சொல்லி அழுதேன். அவர் புத்தி சொல்லவில்லை, ஒரு கதை சொன்னார். புனித தொன் போஸ்கோவின் தாயார் மார்கரீத்தா கதை.

இத்தாலியில் தூரின் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் 1815-ல் பிறந்தவர் தொன் போஸ்கோ. இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனார் போய்விட்டார். எழுதப் படிக்கத் தெரியாத மார்கரீத்தா, மூத்தாள் மகனையும் சேர்த்து மூன்று பையன்களை வளர்த்தாள். ஒருநாள் அவள் வெளியே போயிருந்தபோது, சிறுவன் எண்ணெய்ப் பாத்திரத்தை உடைத்துவிட்டான். துடைத்தும் கறை போகவில்லை. என்ன செய்தான் தெரியுமா? வேலியில் ஒரு குச்சியை வெட்டி, அழகாகச் சீவி, எதிரே வந்த அம்மாவிடம் தானே கொடுத்து, நடந்ததைச் சொன்னான். அம்மா சிரித்து மன்னித்தாள். இனிமேல் யோசித்துச் செய் என்று மட்டும் சொன்னாள்.

என் பிள்ளை தப்பு செய்துவிட்டு என்னை விட்டு ஓடினான். அந்தப் பிள்ளை அம்மாவைத் தேடி ஓடினான். வித்தியாசம் பிள்ளையில் இல்லை, அம்மா!

பிற்பாடு குருவான தொன் போஸ்கோ, பிழைப்புத் தேடி தூரினுக்கு வந்த ஏழைப் பையன்களைச் சேர்த்துக்கொண்டார். 1846-ல் மார்கரீத்தாவும் அங்கே போய், 1856-ல் கண்மூடும் வரை அவர்களுக்குச் சமைத்தாள், துணி தைத்தாள். அவளும் மனுஷிதானே? பையன்கள் காய்கறித் தோட்டத்தை மிதித்து நாசமாக்கியபோது, ஊருக்கே போகிறேன் என்று கிளம்பிவிட்டாளாம். மகன் சுவரிலிருந்த சிலுவையைக் காட்டினார். ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குத் திரும்பினாள்.

அந்தத் தாயிடம் கற்றதைத்தான் மகன் 1877-ல் கல்விமுறையாக எழுதினார். நியாயம் எடுத்துச் சொல்லுதல், இறைபக்தி, கனிவு: இந்த மூன்றும்தான் அதற்கு அஸ்திவாரம். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கருத்து. 1906-ல் அவருடைய சலேசிய சபையார் தஞ்சாவூருக்கு வந்தார்கள். இன்று நம் பேசின் பிரிட்ஜிலும் கைத்தொழில் கற்றுத் தருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று நம் அரசாங்கம் 2009-ல் கல்வி உரிமைச் சட்டத்தில் எழுதியது. வீட்டுக்குள்ளே சட்டம் நாம்தானே?

நான் செய்தது இரண்டே காரியம். கரண்டியை தோசைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். படுக்கப் போகுமுன் பத்து நிமிஷம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பையன்கள் தூங்குமுன் நாலு நல்ல வார்த்தை சொல்வது மார்கரீத்தா தொடங்கிய பழக்கமாம். முதல் வாரம் அவன் வாயே திறக்கவில்லை. அப்புறம்தான், பின்னக் கணக்கு ஆரம்பத்திலிருந்தே புரியவில்லை என்றான். ஒரு தோசையை நாலாக வெட்டி அங்கிருந்து தொடங்கினோம்.

கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போன மாசம் என் செல்போனைக் கீழே போட்டு உடைத்துவிட்டான். ஒரு மாசம் செல்போன் விளையாட்டு கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் உடைந்த போனைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தான், சகோதரிகளே. கணக்கில் அவன் இன்னும் புலியாகவில்லை. எனக்கு இது போதும்.

இன்றைக்கு ராத்திரி நீங்களும் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்களேன்!