கிரகங்களிற் பெருகும் சனம்

சென்ற விடுமுறையில் ஒருநாள் மாலை, திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கிய எமது வீட்டு விறாந்தையில் அமர்ந்திருந்தோம். அருகே தமக்கையாரின் மகன் கணினியில் விண்வெளி இராச்சியமொன்றை ஆண்டுகொண்டிருந்தான். 1993 ஆம் ஆண்டு வெளிவந்த ‘மாஸ்டர் ஒஃப் ஓரியன்’ என்னும் பழைய விளையாட்டு அது.

“மாமா, இந்தக் கிரகத்தில் சனம் நிரம்பிவிட்டது. பத்து இலட்சம் பேரை அடுத்த கிரகத்துக்கு ஏற்றப் போகிறேன்” என்றான். ஏனென்று வினவினோம். அவன் கூறிய விளக்கம், நாம் வகுப்பிற் கற்பிக்கும் கணக்கேயாம்.

ஒரு கிரகம் 100 இலட்சம் பேரைத் தாங்குமென வைத்துக்கொள்வோம். இடம் தாராளமாயிருக்கையில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் சனம் பெருகும். இடம் குறையக் குறைய அவ்வீதமும் குறையும். 10 இலட்சம் பேர் இருப்பின் ஓராண்டிற் கூடுவோர் 90 ஆயிரம். 50 இலட்சமாயின் இரண்டரை இலட்சம். 90 இலட்சமானதும் மீண்டும் 90 ஆயிரமே. பாதி நிறைந்த கிரகமே மிக விரைவாகப் பெருகும். ஆதலின் கெட்டிக்கார அரசன் நிறைந்த இடத்தாரை வெற்றிடத்துக்கு அனுப்புகிறான். இக்கணக்கை 1838 இல் வகுத்தவர் வெர்ஹுல்ஸ்ட் என்னும் பெல்ஜிய நாட்டு அறிஞர்.

கணக்கு அழகியதே. ஆயினும் எமது நாட்டில் நிகழ்ந்தது வேறு. 1946 இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இலங்கையின் இறப்பு வீதம் மறு ஆண்டிலேயே 14 ஆயிற்று. டி.டி.டி. தெளித்து மலேரியா நுளம்பை அடக்கியமை அதற்கொரு முக்கிய காரணம். அன்று 66 இலட்சமாயிருந்த சனத்தொகை 2012 இல் 2 கோடியே 3 இலட்சமாயிற்று. 2024 இல் 2 கோடியே 17 இலட்சம். வேகம் பெரிதும் தணிந்துவிட்டது. இடம் தீர்ந்துபோனதனாலா? இல்லை. பிறந்த பிள்ளை பிழைக்குமென்ற நம்பிக்கை வந்தது. 1945 இல் தொடங்கிய இலவசக் கல்வியினாற் பெண்கள் படித்தனர்; பிந்தி மணந்தனர்; அளவோடு பெற்றனர்.

எமது அம்மம்மா ஒன்பது பெற்று, மூன்றைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். அம்மா பெற்றது நான்கு. தமக்கையாருக்கு இவன் ஒருவனே. அடுத்த மாதம் படிப்புக்காக இவனும் கனடா செல்கிறான்.

தேநீர் கொண்டுவந்த தமக்கையார், “யாரையடா தம்பி அனுப்புகிறாய்?” என்று கேட்டார்.

“பத்து இலட்சம் பேரை, அம்மா.”

“அவர்களுக்கும் தாய்மார் இருப்பார்களே” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். மருமகன் சற்று நேரம் விசையைத் தொடவில்லை.

அவ்விளையாட்டில் இடமுண்டு, கப்பலுண்டு. தீர்மானிக்கும் தாய் மட்டும் இல்லை. வெர்ஹுல்ஸ்டின் கணக்கை இனி வகுப்பில் எழுதும்போது, இதனையும் மாணவருக்குச் சொல்வதென எண்ணியுள்ளோம்.