தொப்பினம்பூருக்கு ஒரு வக்காலத்து

பாரிசின் புறநகர்களில் துண்டுத் தோட்டம் எடுத்துச் செய்கிற எங்கட சனத்தின் பாத்திகளைப் பார்த்தால் வெண்டி, கத்தரி, மிளகாய், பாகல், கீரை என்று ஊர்ச் சந்தையே விரிந்து கிடக்கும். பார்க்கச் சந்தோசம்தான். ஆனால் அந்தப் பாகற்கொடிக்குப் பின்னால் இருக்கிற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். மாசியில் விதையை ஈரத்துணியில் சுற்றி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, பங்குனியில் யோகட் கோப்பைகளில் மாற்றி, யன்னல் ஓரமெல்லாம் அடுக்கி, 'பனிப் புனிதர்கள்' என்று இங்கே சொல்லுகிற மே 11, 12, 13 கழியும்வரை வெளியில் வைக்கப் பயந்து... அதுக்குப் பிறகும் யூன் குளிராக இருந்தால் எல்லாம் போச்சு. அடுத்த வருசம் திரும்ப ஆனா ஆவன்னாவில் இருந்து.

அதே தோட்டத்தின் ஒரு மூலையில், அந்த வருசம் ஒருவரும் நடாமல், ஒருவரும் தண்ணீர் விடாமல், எட்டு பத்தடி உயரத்தில் மஞ்சள் பூக்களோடு ஒன்று நிற்கும். சூரியகாந்தியின் தங்கச்சி மாதிரி. சொந்தமும் அப்படித்தான், இரண்டும் ஒரே இனம். "உது பூக்கண்டு" என்று எங்கட ஆட்கள் கடந்து போய்விடுவார்கள். அதற்குக் கீழே கிழங்கு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களோ "ஐயோ, அது வாயு" என்று கையை உதறுவார்கள். நான் கதைக்க வந்தது அந்தக் கிழங்குக்காகத்தான்.

பிரெஞ்சில் அதன் பெயர் தொப்பினம்பூர். முதலில் கேட்டபோது 'தொப்பி நம் ஊர்' என்றுதான் என் காதில் விழுந்தது. பெயர்க்கதை அதைவிடப் பகிடி. கிழங்கின் ஊர் வட அமெரிக்கா. அங்கே பூர்வகுடிகள் பயிர்செய்து சாப்பிட்டதை 1605இல் சம்ப்ளேன் கண்டு எழுதினார். அது பிரான்சுக்கு வந்து பரவிய காலத்தில், 1613இல், பிரேசிலில் இருந்து துப்பினம்பா என்ற இனத்து மனிதர்கள் ஆறுபேரைக் கொண்டுவந்து பாரிசில் காட்சிப்பொருள் ஆக்கினார்கள். ஊரெல்லாம் அதே கதை. புதுக் கிழங்குக்கும் அந்தப் பெயரையே ஒட்டிவிட்டார்கள். துப்பினம்பா மக்களுக்கும் இந்தக் கிழங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்களை "பாகிஸ்தானியா?" என்று கேட்கிற ஊரில் இது பெரிய அதிசயமும் இல்லை.

பிரெஞ்சுக்காரர்களே இதை வெறுத்ததற்குக் காரணம் வேறு. 1940 முதல் 1944 வரையான ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் உருளைக்கிழங்கைப் படைகள் அள்ளிக்கொண்டு போக, சனத்துக்கு மிஞ்சியது தொப்பினம்பூரும் ருத்தபாகாவும்தான். நாலு வருசம் அதையே தின்றார்கள். போர் முடிந்ததும் இனி இது கண்ணில் படக்கூடாது என்று ஒதுக்கினார்கள். எனக்குப் பக்கத்துத் துண்டுக்கார முதியவர் போர்க்காலத்தில் சிறுபிள்ளை. கிழங்கு கொடுத்தால் மரியாதையாக நன்றி சொல்லி, "அதை நான் என் பங்குக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டேன், மிசியே" என்று திருப்பித் தந்துவிடுவார்.

அவரில் எனக்குக் கோபம் வராது. எங்கட வீடுகளிலும் இந்தக் கதை இருக்கிறதுதானே. எழுபதுகளில் சிறிமாவோ ஆட்சியில் பாணுக்கு வரிசையில் நின்ற தலைமுறைக்கு மரவள்ளி என்றால் இன்றைக்கும் பஞ்சம்தான். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர்களுக்கும் இப்படி ஒவ்வொரு சாப்பாட்டுப் பெயர் இருக்கும். ஆனால் அதே மரவள்ளியை லாச்சப்பலில் கிலோக் கணக்கில் வாங்குகிறோம், ஒடியற்கூழ் காய்ச்சுவதற்கென்றே ஒன்றுகூடல் வைக்கிறோம். தொப்பினம்பூரும் இங்கே 'மறக்கப்பட்ட மரக்கறி' என்ற பட்டத்தோடு உணவகங்களுக்குத் திரும்பிவிட்டது. பஞ்சத்தில் சோறு போட்டது கிழங்கின் குற்றமா?

வளர்ப்பதற்கு அறிவுரை பெரிதாக இல்லை. பங்குனி, சித்திரையில் பத்து பதினைந்து சென்ரிமீற்றர் ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளியில் புதையுங்கள். அவ்வளவுதான். புரட்டாதி, ஐப்பசியில் பூக்கும். கார்த்திகையில் தண்டு கருகியதும் கிண்டத் தொடங்கலாம். நல்ல மண்ணில் ஒரு செடிக்கு இரண்டு கிலோ அதிசயமில்லை. தோல் மெல்லியது, வெளியில் வைத்தால் சில நாளில் சுருங்கிவிடும். அதனால் தேவைக்கு மட்டும் கிண்டுங்கள். மண்தான் அதன் பிரிட்ஜ். உறைபனி ஒன்றும் செய்யாது, குளிர் பட்டால் இன்னும் இனிக்கும். நீங்கள் எவ்வளவு கவனமாகக் கிண்டினாலும் ஒன்றிரண்டு தப்பும். அடுத்த வருசப் பயிர் அதுதான்.

அதுவே அதன் கெட்டகுணமும். விட்டால் பக்கத்துப் பாத்திக்குப் போகும், பிறகு சங்கக் கூட்டத்தில் உங்கள் பெயர் அடிபடும். ஐரோப்பாவின் ஆற்றங்கரைகளில் தானாகப் பரவி, உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது என்ற குற்றச்சாட்டும் உண்டு, நியாயமானது. ஆகவே ஒரு மூலை ஒதுக்கி, சுற்றிவர வருசத்துக்கு ஒருதரம் மண்ணைக் கொத்தித் தப்பியோடியவற்றைப் பிடுங்குங்கள். ஆற்றோரம், காட்டோரம் கிழங்குக் கழிவைக் கொட்டவே கூடாது.

இனி வாயு விசயம். பொய் சொல்ல மாட்டேன், உண்மைதான். 1617இல் இதை நட்டுப் பார்த்த ஜோன் குடியர் என்ற ஆங்கிலேயர் மனிதரைவிடப் பன்றிக்கே ஏற்றது என்ற மாதிரி எழுதிவைத்தார். காரணம், இதில் மாப்பொருளுக்குப் பதிலாக இனுலின் இருக்கிறது. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்கவைத்துக் காற்றாக்கும். இதே காரணத்தால்தான் உருளைக்கிழங்கு மாதிரி இரத்தத்தில் சீனியைக் கிடுகிடுவென ஏற்றாது. வீட்டுக்கு ஒரு சீனி வருத்தக்காரர் இருக்கிற எங்கட சனத்துக்கு இது சின்ன விசயமில்லை. (இனுலின் வேறு, இன்சுலின் வேறு. குளிசையை நிற்பாட்டிவிட்டு என்னிடம் வராதீர்கள்.) முதல்நாள் இரண்டு துண்டோடு நிறுத்துங்கள். நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். தை, மாசியில் கிண்டிய கிழங்கில் இனுலின் குறைவு, வயிறும் அவ்வளவு முறையிடாது.

என் கைப்பக்குவம் வெள்ளைக்கறி. அரை அவியலில் எடுத்த கிழங்கை வெங்காயம், பச்சைமிளகாய், உள்ளி, கொஞ்ச வெந்தயத்தோடு இரண்டாம் பாலில் விட்டு, முதற்பால் சேர்த்து இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள். பார்த்துக்கொண்டே நில்லுங்கள், ஒரு நிமிசம் பிந்தினால் கூழாகிவிடும்.

எங்கட தோட்டங்களில் ஒருமுறை நட்டு வருசாவருசம் எடுக்கிற பயிர் ஏன் இவ்வளவு குறைவு என்று யோசித்திருக்கிறேன். வந்த புதிதில் அடுத்த வருசம் எங்கே இருப்போம் என்றே தெரியாது, ஒரு கோடையில் காய்த்து முடிகிறதை மட்டும் நட்டோம். பத்து வருச அட்டையை மூன்றுதரம் மாற்றிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போது முதுகும் முழங்காலும் கதைக்கத் தொடங்கிவிட்டன. யன்னலில் கோப்பை அடுக்குவதை நிறுத்தச் சொல்லவில்லை. பாகற்காய் இல்லாமல் எனக்கும் ஏலாது. நாலு பாத்தியில் ஒரு மூலையைத்தான் கேட்கிறேன்.

விதைக்கிழங்கு தேடி அலையவேண்டாம். மாரிகாலத்தில் சந்தையில் விற்கிற கிழங்கே முளைக்கும். முடிச்சு முடிச்சாக இருக்கிறதைக் கழுவ அரைநாள் போகும், 'பியூசோ' என்ற நீளமான வழுவழுப்பு வகை கண்டால் அதை வாங்குங்கள். ஒரு கிலோ எடுத்து ஐந்தைப் புதைத்துவிட்டு, மிச்சத்தைக் கறி வையுங்கள்.