பழைய கணிப்பொறியை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

களப்பணியாளர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் கணிப்பொறி இன்று எழுதுகோலைப் போல் இன்றியமையாத கருவியாகிவிட்டது. ஆயினும் அவர்களுள் பலர் வீட்டில் வைத்திருப்பது, எட்டுப் பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, 4 கிகாபைட் நினைவகமும் சுழலும் வன்தட்டும் கொண்ட யந்திரமேயாகும். அதற்கு எந்த உலாவி ஏற்றது, எந்தப் பாதுகாப்பு மென்பொருள் ஏற்றது என்னும் பேச்சு எழும்போதெல்லாம், "எது வேகமானது?" என்று வினவுவதே வழக்கமாக இருக்கிறது. முதலில் கேட்க வேண்டுவது வேகத்தைப் பற்றியதன்று, "எதற்கு இன்னும் திருத்தம் வந்துகொண்டிருக்கிறது?" என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் எளிது. மனிதர் எழுதிய நிரல் எதுவாயினும் அதில் குறைகள் இருந்தே தீரும். அவை வெளிப்படுந்தோறும் தயாரிப்பாளர் திருத்தம் அனுப்புகின்றனர். திருத்தம் நின்றுபோன நாளுக்குப் பின் வெளிப்படும் ஓட்டைகள் என்றும் திறந்தே கிடக்கும். 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் நச்சுநிரல் பல நாடுகளிலும் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்குரிய திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்றுக்கொண்ட யந்திரங்கள் அவ்வோட்டையின் வழியே தாக்கப்படவில்லை. ஏற்காதவை, புதியவையாயினும் வேகமானவையாயினும், அகப்பட்டன.

ஆதலின் சில தேதிகளை நினைவிற் கொள்ளுதல் நலம். விண்டோஸ் 7க்கு வந்த பொதுத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்று நின்றன, விண்டோஸ் 8.1க்கு 2023 ஜனவரி 10 அன்று நின்றன. விண்டோஸ் 10க்கு உரிய நாள் 2025 அக்டோபர் 14 ஆகும். வீட்டில் உபயோகிப்போர் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்று அந்நிறுவனம் 2025இல் அறிவித்தது. உலாவிகளும் இவ்வழியே சென்றன. குரோம் உலாவியின் 109ஆம் பதிப்பே விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றில் இயங்கும் கடைசிப் பதிப்பு. 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பு அவற்றைக் கைவிட்டது. ஃபயர்பாக்ஸின் 115ஆம் பதிப்பு அத்தளங்களுக்கு அதன் பின்னும் சில காலம் திருத்தம் பெற்று வந்தது. ஆகவே, விண்டோஸ் 7இல் குரோம் விரைந்து திறக்கிறது என்று ஒருவர் மகிழ்ந்தால், அவர் திறப்பது 2023ஆம் ஆண்டோடு நின்றுபோன கதவையே என்று உணர்தல் வேண்டும்.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். 'சப்போர்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லை 'ஆதரவு' என்று பெயர்த்து, "ஆதரவு முடிவுற்றது" என்று எழுதிவிடுகிறோம். படிப்பவர், இனி எவரிடமும் உதவி கேட்க இயலாது போலும் என்று எண்ணி, தமக்கு அதனால் நட்டம் ஒன்றுமில்லை எனத் தம் வேலையைத் தொடர்கிறார். "இனி இதன் ஓட்டைகள் அடைக்கப்பட மாட்டா" என்று எழுதினால் பொருள் உடனே விளங்கும். சுற்றறிக்கைகளைத் தமிழில் வழங்கும் இலாகாக்கள் இத்தகைய தெளிவான சொற்களையே கையாளுதல் வேண்டும்; உரிய நாள் வருமுன்பே அறிவித்தலும் வேண்டும்.

அடுத்து, நினைவகத்தைப் பற்றிய குறை. இக்கால உலாவிகள் நினைவகத்தை விழுங்குகின்றன என்பது உண்மையே. ஆனால் அது முழுவதும் வீண் செலவு அன்று. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்னும் செயலிக் குறை வெளியானது. ஒரு தளத்தின் நிரல் மற்றொரு தளத்தின் இரகசியத்தை நினைவகத்திலிருந்து திருடக்கூடும் என்பது அதனால் புலப்பட்டது. அதனைத் தடுக்கக் குரோம் அவ்வாண்டே தன் 67ஆம் பதிப்பில், ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி அறையில் வைத்து இயக்கும் முறையைக் கணிப்பொறிகளில் நடைமுறைப்படுத்தியது. அதனால் நினைவகச் செலவு ஏறத்தாழ 10 முதல் 13 விழுக்காடு கூடும் என்று கூகுள் தெரிவித்தது. அறைக்கு அறை சுவர் எழுப்பினால் செங்கல் செலவாகத்தான் செய்யும். "குறைந்த நினைவகம் போதும்" என்று விளம்பரம் பெறும் சிற்றுலாவி அச்சுவர்களை எழுப்பியிருக்கிறதா என்று ஆராயாமல் அதனை மெச்சுதல் கூடாது.

திருத்தம் பெறும் உலாவிகளுக்குள் வேகத்தை ஒப்பிடுவதில் தவறில்லை. குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் ஆகியவை யாவும் குரோமியம் என்னும் ஒரே அடிப்படையில் எழுந்தவை என்பதும், ஃபயர்பாக்ஸ் வேறு அடிப்படை உடையது என்பதும் அறியத்தக்கன. ஒப்பிடுவதற்கு விஞ்ஞான முறை ஒன்றே போதும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. கணிப்பொறியைத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து, நாள்தோறும் தமக்கு வேண்டிய மூன்று தளங்களை ஒவ்வோர் உலாவியிலும் திறந்து, தட்டச்சு செய்யத்தக்க நிலை வரும்வரை ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்க. முதல் முறை வன்தட்டிலிருந்து படிப்பதால் தாமதமாகும். ஆதலின் மும்முறை செய்து, முதல் முறைகளைத் தம்முள்ளும் பின்னவற்றைத் தம்முள்ளும் ஒப்பிடுக. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தினால் தோன்றும் பட்டியலில் நினைவகச் செலவையும் வட்டின் சுமையையும் காணலாம். ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குரிய சோதனையாகவே நடத்திக் காட்டலாம்.

பாதுகாப்பு மென்பொருளின் நிலை வேறு. அதன் சுமையை வீட்டில் அளக்கலாம். அதன் திறமையை அளத்தல் இயலாது. நச்சுநிரல்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தல் ஆபத்தான விளையாட்டு. ஐகார் என்னும் 68 எழுத்துக் கோப்பு தீங்கற்றது; ஆயினும் காவலாளி விழித்திருக்கிறானா என்பதை மட்டுமே அது காட்டும். அவன் கள்வனை இனங்காண வல்லவனா என்பதை ஜெர்மனியின் ஏ.வி.-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏ.வி.-கம்பேரட்டிவ்ஸ் போன்ற சோதனைக் கூடங்களே கூற வல்லன. திறமையை அவர்களிடமிருந்தும், சுமையை நம் யந்திரத்திலிருந்தும் அறிதலே முறை.

இலவசம் என்பதனாலேயே ஒரு மென்பொருளை நம்புதலும் தகாது. அவாஸ்ட் நிறுவனம் தன் உபயோகிப்பாளர்களின் உலாவல் விவரங்களைத் துணை நிறுவனம் ஒன்றின் வழியே விற்றது 2020இல் வெளிப்பட்டது. 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதன் மீது 165 இலட்சம் டாலர் விதித்தது. விண்டோஸ் 10 உடையோர்க்கு அதனுடன் வரும் டிஃபெண்டரே சாதாரணமாகப் போதும். அதன் மேல் இரண்டு, மூன்று காவலாளிகளை நிறுத்தினால், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு யந்திரத்தை நிறுத்திவிடுவர். ஐயம் தோன்றினால், செர்ட்-இன் அமைப்பு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரம் இலவசத் துப்புரவுக் கருவிகளைச் சுட்டிக்காட்டுகிறது.

"புதிய யந்திரம் வாங்குக" என்று கூறிவிடுதல் குறைந்த ஊதியம் பெறுவோர்க்கு விடையாகாது. "ஓடுகிறவரை ஓடட்டும்" என்பதும் விடையன்று. சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால், எந்த உலாவியை மாற்றுவதைக் காட்டிலும் மிகுந்த வேறுபாடு தெரியும். விண்டோஸையே நம்பியிராத பணியுடையோர், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் முதலிய லினக்ஸ் தளங்களுக்கு மாறலாம். அவற்றுக்குத் திருத்தமும் புதிய ஃபயர்பாக்ஸும் கிடைக்கும். கேரளப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸ் கொண்டே பாடம் நடத்துகின்றன. எவ்வழியும் இயலாதாயின், அந்த யந்திரத்தை இணையத்தினின்று பிரித்து, எழுத்து வேலைக்கும் பாடக் குறிப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு களப்பணியாளரின் கணிப்பொறியில் இருப்பவை அவருடைய கோப்புகள் மட்டுமல்ல. பயனாளிகளின் வங்கிக் கணக்கு எண்களும், மாணவர்களின் பெயர்களும், ஆதார் விவரங்களும் அதில் உள்ளன. அவற்றை நம்பி ஒப்படைத்தவர்கள், உலாவி எது என்று கேட்கவும் அறியார். அவர்கள் சார்பாக அக்கேள்வியைக் கேட்பது நம் கடமையாகும்.