ஒரு கோப்புக்கு எத்தனை முகவரி?

மாணவர்களே, உங்கள் தாத்தாவிடம் தெலுக் இந்தானுக்கு வழி கேட்டுப் பாருங்கள். "தெலுக் அன்சனா?" என்று திருப்பிக் கேட்டாலும் கேட்பார். 1982இல் பெயர் மாறிய ஊர் அது. ஈப்போவில் ஹியூ லோ ஸ்திரீட் என்றிருந்ததும் இன்று ஜாலான் சுல்தான் இஸ்கந்தார். பெயர் இரண்டு, இடம் ஒன்று. நமக்குப் புரிகிறது. கணினிக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

பாட்டி பிறந்த ரப்பர் தோட்டத்தின் பழைய படங்களை ஸ்கேன் செய்து 'தோட்டம்' என்ற கோப்புறையில் வைத்திருக்கிறீர்கள். வசதிக்காக 'பேராக்' என்ற பெயரில் அதற்கு ஒரு குறியீட்டு இணைப்பும் போட்டிருக்கிறீர்கள். இரட்டைப் படங்களை நீக்கப் பைத்தானில் ஒரு நிரல் எழுதி, இரண்டு பெயர்களையும் அதனிடம் கொடுக்கிறீர்கள். பாதைகள் எழுத்தளவில் வேறு; படமோ அச்சாக ஒன்று. 'நகல்தானே' என்று நிரல் ஒன்றை அழித்துவிடும். இருந்ததே அந்த ஒன்றுதான். லயம் இடிந்து செம்பனை வளர்ந்துவிட்ட இடத்தில் அந்தப் படத்தை இனி யார் எடுப்பது?

இதெல்லாம் பெரிய நிரலாளர்களின் கவலை என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். கோப்பை அழிக்கக் கற்கும் நாளிலேயே மெய்ப்பாதை காணவும் கற்க வேண்டும்.

பைத்தானில் அதற்கு 'ரியல்பாத்' இருக்கிறது. பாதையை மூலக் கோப்புறையிலிருந்து படிப்படியாக நடந்து, இணைப்பு வந்தால் அது காட்டும் இடத்துக்கே போய், இறுதி முகவரியைத் தரும். 'நார்ம்பாத்' என்றும் ஒன்று உண்டு. அதை நம்பி எதையும் அழிக்காதீர்கள். இரட்டைப்புள்ளி வந்தால், அதற்கு முந்தைய பெயரை அடித்துவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. அந்தப் பெயர் ஓர் இணைப்பாக இருந்தால், இரட்டைப்புள்ளி ஏறவேண்டியது இணைப்பு காட்டும் கோப்புறைக்கு மேலே. நார்ம்பாத் வட்டைப் பார்ப்பதே இல்லை. வேறெங்கோ கொண்டுபோய் விடும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 'தோ' என்பதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. லினக்ஸில் பொதுவாக அவை இரண்டு தனிக் கோப்புறைகள்! ரியல்பாத் இதைச் சரிசெய்யாது. பெயர்களை ஒப்பிடும் முன் 'யூனிகோட்டேட்டா' தொகுப்பின் 'நார்மலைஸ்' கொண்டு ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள்.

திரையில் எந்தப் பெயரைக் காட்டுவது? மெய்ப்பாதை நிரலின் ஒப்பீட்டுக்கு மட்டும் போதும். பாட்டி சொன்ன தோட்டத்துப் பெயரைக் கோப்புறைக்கு வைத்திருந்தால், திரையிலும் அதையே காட்டுங்கள்.