உப்பிட்டவரை நினைத்தல்: கரீபியன் உணவு விழாக்களை முன்வைத்து

ரொறன்ரோவில் கோடை பிறந்துவிட்டால் உணவு விழாக்களுக்குக் குறைவிருப்பதில்லை. அவற்றுள் கரீபியன் பண்பாட்டைக் கொண்டாடும் விருந்துகளுக்குத் தனியிடம் உண்டு. ஸ்காபரோவில் தமிழரும் கரீபியரும் அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னால் வாழ்கிறார்கள். ஆகவே இத்தகைய விருந்தை ஒழுங்குசெய்யும் பொறுப்பு அவ்வப்போது தமிழர் கைக்கும் வருவது இயல்பே. அதை நாம் மனதார வரவேற்கிறோம். ஆனால் அந்த விருந்து எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்பது குறித்துச் சில கருத்துகளை இங்கே முன்வைக்க விரும்புகிறோம்.

பொதுவாக நடப்பது இதுதான். காகிதத் தென்னை மரங்கள் நிற்கும். உருக்குப் பறை இசை ஒலிக்கும். ஜேர்க் கோழியின் புகை எழும். மக்கள் வரிசையில் நின்று உண்டு, படமெடுத்துக்கொண்டு வீடு திரும்புவர். இதில் தவறொன்றுமில்லை. எனினும் 'கரீபியன்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அங்கே எத்தனை அடைக்கப்படுகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்கடலில் இறைமையுள்ள தீவு நாடுகள் மட்டும் 13 உண்டு. ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு, டச்சு ஆகியவற்றோடு அவற்றிலிருந்து பிறந்த கிரியோல் மொழிகளும் பேசப்படுகின்றன. டிரினிடாட்டில் 'கலலூ' என்றால் சேப்பங்கிழங்கின் இலையும் வெண்டிக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த மசியல். ஜமைக்காவில் அதே பெயர் நம் முளைக்கீரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு கீரையைக் குறிக்கும். இட்டிலியையும் இடியப்பத்தையும் 'இந்தியச் சாப்பாடு' என்று ஒரே தட்டில் வைத்து ஒருவர் நமக்கே அறிமுகப்படுத்தினால் நாம் முகம் சுளிப்போம் அல்லவா? அந்த உரிமை அயலாருக்கும் உண்டு.

இனி, தட்டில் இருப்பவற்றையே எடுத்துக்கொள்வோம். ஜமைக்காவின் தேசிய உணவு அக்கியும் உப்பு மீனும். அக்கி மேற்கு ஆபிரிக்காவிலிருந்து சென்ற பழம். முற்றிப் பிளக்குமுன் பறித்துத் தின்றால் நஞ்சு. அடிமைக் கப்பல்களின் காலத்தில் அது அக்கடலைக் கடந்தது. உப்பு மீனோ வடக்கிலிருந்து போனது. இன்று கனடாவின் பகுதிகளாக உள்ள நியூபவுண்ட்லாந்திலும் நோவா ஸ்கோஷியாவிலும் கொட் மீனைப் பிடித்து உப்பிட்டு உலர்த்தினார்கள். தரமானது ஐரோப்பாவுக்குப் போயிற்று. கழிவென ஒதுக்கப்பட்டது கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கு உணவாக விற்கப்பட்டது. பதிலுக்கு ரம்மும் சர்க்கரைப்பாகும் வடக்கே வந்தன. ஆக, ரொறன்ரோவில் நின்று அத்தட்டை ஏந்துகிறவர் தொலைதேசத்து விசித்திரம் ஒன்றை ஏந்தவில்லை. தாம் நிற்கும் நாட்டின் பழைய கணக்கு ஒன்றையும் சேர்த்தே ஏந்துகிறார்.

ஈரப்பலாவின் கதையும் இத்தகையதே. தோட்ட அடிமைகளுக்கு மலிவான உணவு தேடி, பசிபிக் தீவான தஹிதியிலிருந்து அதன் கன்றுகளைக் கொண்டுவர பிரித்தானிய அரசு வில்லியம் பிளை என்ற மாலுமியை அனுப்பியது. 1789இல் பவுண்டி கப்பலில் மூண்ட கலகத்தால் முதற்பயணம் தோற்றது. 1793இல் இரண்டாம் பயணத்தில் கன்றுகள் செயின்ட் வின்சென்ட்டையும் ஜமைக்காவையும் அடைந்தன. கரீபியன் சமையலில் இன்று தவிர்க்கவியலாத ஒரு காய், மனிதரை உழைக்கும் விலங்காக மட்டும் எண்ணிய ஒரு கணக்கிலிருந்து வந்து சேர்ந்தது. அந்த மக்களோ பின்னர் அதைத் தம் கைப்பக்குவத்தால் தமதாக்கிக்கொண்டனர்.

பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமை ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் நீடித்த கட்டாய உழைப்பு 1838இல்தான் முடிந்தது. அதே ஆண்டு மே மாதம் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் பிரித்தானியக் கயானாவை அடைந்துவிட்டன. டிரினிடாட்டுக்கும் ஜமைக்காவுக்கும் 1845இல் அவர்கள் வந்தனர். பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக்குக்கு 1853இலும், குவாதலூப்புக்கு 1854இலும் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அத்தீவுகளில் இன்றும் கறிக்கு 'கொலொம்போ' என்று பெயர். அது நம் 'குழம்பு' என்ற சொல்லின் திரிபே என்பது பலரின் கருத்து. மொழியை இழந்து, பெயரை இழந்து, ஊரின் நினைவையும் இழந்த பின்னரும் ஒரு சொல் அடுப்படியில் தங்கிவிட்டது. ஜமைக்காவின் ஆட்டுக்கறியும், டிரினிடாட்டின் தெருக்களில் கடலையை மென்மையான பாராவில் பொதிந்து விற்கும் 'டபிள்ஸ்' என்ற சிற்றுண்டியும் அந்தக் கப்பல்களின் வழிவந்தவையே.

இலக்கிய வாசகர்களுக்கு இங்கே சாம் செல்வனை நினைவூட்டலாம். டிரினிடாட்டில் பிறந்த அந்நாவலாசிரியரின் தந்தை சென்னையிலிருந்து சென்ற தமிழர். 1956இல் வெளிவந்த 'தி லோன்லி லண்டனர்ஸ்' நாவலில், வேலையற்ற குளிர்காலத்தில் பூங்காவில் புறாவைப் பிடித்துச் சமைத்து நண்பனோடு பகிர்ந்துண்ணும் ஒரு குடியேறியைக் காண்கிறோம். கொண்டாட்ட மேடைகளில் இடம்பெறாத கரீபியன் விருந்து அது.

உணவு விழாவில் வரலாற்றுப் பாடம் எதற்கு, மகிழ வந்தவர்களை அழ வைப்பதா என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வியில் நியாயமுண்டு. துயரத்தை மட்டுமே தேடுவதும் அந்த மக்களுக்குச் செய்யும் அநீதிதான். டெரிக் வால்கொட் 1992இல் ஆற்றிய நோபல் உரையில், டிரினிடாட்டின் ஒரு கிராமத்தில் ராம்லீலா பார்க்கச் சென்ற அனுபவத்தைச் சொல்கிறார். அதில் இழந்த இந்தியாவைத் தேடிய தம் பார்வையையே அவர் கேள்விக்குள்ளாக்குகிறார். அங்கு நடந்தது ஒரு நம்பிக்கையின் உயிருள்ள கொண்டாட்டம் என்பதை உணர்கிறார். ஆகவே நாம் வேண்டுவது ஒப்பாரி அன்று. ஒதுக்கப்பட்ட மீனையும் எசமானர் விரும்பாத பன்றி வாலையும் கொண்டு சுவையை உண்டாக்கிய திறனை அறியாமல் அதைக் கொண்டாட முடியாது என்பதே நம் வாதம். வரலாறு தெரிந்தால்தான் அம்மகிழ்ச்சியின் பெறுமதியும் தெரியும்.

கனடாவில் அந்தச் சமையல் வேரூன்றிய விதமும் சொல்லப்பட வேண்டியதே. 1955 முதல் 1967 வரை நடந்த வீட்டுப் பணியாளர் திட்டத்தின் கீழ் ஜமைக்கா, பார்படோஸ் முதலிய இடங்களிலிருந்து சுமார் 3,000 பெண்கள் இங்கு வந்தனர். மணமாகாதவராக இருக்க வேண்டும், ஓராண்டு பிறர் வீட்டில் வேலை செய்ய வேண்டும் என்பன நிபந்தனைகள். பிறர் அடுப்படியில் பிறர் உணவைச் சமைத்த அப்பெண்களின் வாழ்வை, பார்படோஸில் பிறந்து ரொறன்ரோவில் வாழ்ந்து 2016இல் மறைந்த ஒஸ்ரின் கிளார்க் தம் நாவல்களில் எழுதினார். 1985இல் இன்னொன்று நடந்தது. ஜமைக்கன் பற்றியை 'பீஃப் பற்றி' என்று விற்கக்கூடாது, சட்டப்படி அப்பெயர் ஹம்பேர்கருக்குரிய இறைச்சி வட்டத்துக்கே பொருந்தும் என்று மத்திய அரசின் உணவு ஆய்வாளர்கள் ரொறன்ரோக் கடைக்காரர்களிடம் கூறினர். கடைக்காரர்கள் பணியவில்லை. இறுதியில் 'ஜமைக்கன் பற்றி' என்ற பெயரில் உடன்பாடு ஏற்பட்டது. பற்றிஸ் தின்று வளர்ந்த ஈழத்தவருக்கு, ஒரு பலகாரத்தின் பெயருக்காகப் போராடுவது அற்பமானதாகத் தோன்றாது என்று நம்புகிறோம்.

கசப்பான ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பற்றியை விரும்பி உண்ணும் நம்மவர் வீடுகளிலேயே, அதைச் செய்தவரைக் குறிக்க 'காப்பிலி' என்றும் 'கறுவல்' என்றும் சொற்கள் புழங்குகின்றன. பிள்ளைகள் அவர்களோடு பழகினால் பெற்றோர் கலங்குகின்றனர். அவர்களின் உணவு வேண்டும், இசை வேண்டும், அயல் வேண்டாம் என்றால் அது எவ்வகைக் கொண்டாட்டம்? நிறத்தாலும் சாதியாலும் உணவாலும் ஒதுக்கப்படுவதன் வலியை அறிந்த ஒரு சமூகம் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. விருந்தோம்பலைப் பெருமையாகப் பேசும் மொழி நம்முடையது. விருந்தினரைப் பற்றி அவர் போன பிறகு நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதும் விருந்தோம்பலில் அடங்கும்.

ஆகவே, விருந்து நடத்தும் நண்பர்களுக்கு நம் வேண்டுகோள்கள் எளியவை. எந்த உணவு என்பதைச் சமைப்பவர்களே தீர்மானிக்கட்டும். நாம் மண்டபம் பிடிப்போம், கதிரை அடுக்குவோம், பாத்திரம் கழுவுவோம். சமைத்தவருக்கு உரிய கூலியைக் கொடுப்போம். 'பண்பாட்டுப் பகிர்வு' என்று சொல்லி இலவசமாக உழைப்பைப் பெறுவது, இந்த உணவின் வரலாற்றை அறிந்தவர் செய்யத்தக்க காரியமன்று. ஒவ்வொரு பாத்திரத்தின் அருகிலும் அது எந்த நாட்டினது, எவ்வாறு அங்கே வந்தது என்று நான்கு வரியில் ஓர் அட்டை இருக்கட்டும். சமைத்தவர் விரும்பினால் அவர் பெயரும் இருக்கட்டும். மேடையில் அரசியல்வாதிகள் பேசும் நேரத்தைக் குறைத்து, முதியவர் ஒருவர் தம் தாயின் சமையலைப் பற்றிச் சொல்ல இடம் தருவோம். கனடிய நாடாளுமன்றம் 2021இல் ஆகஸ்ட் 1ஐ விடுதலை நாளாக ஏற்றது. அந்நாளை ஒட்டி நடக்கும் விருந்தில் ஒரு நிமிடமாவது அந்நாளின் பொருள் சொல்லப்படட்டும்.

அடுத்த கட்டமாக அவர்களை நம் பொங்கலுக்கும் அழைக்கலாம். கொலொம்போவும் குழம்பும் ஒரே மேசையில் இருக்கட்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் முன்னோர் சொன்னார்கள். உப்பிட்டவர் யார் என்று கேட்டறிவது அந்த நினைவின் முதற்படி என்று நாம் கருதுகிறோம்.