முரளியின் வெற்றிகளுள் தலையாயது எது?

சென்ற ஞாயிறன்று வத்தளையில் உறவினர் இல்லமொன்றில் மதிய உணவு முடிந்து, பெரியோர் வெற்றிலைத் தட்டையும் இளையோர் வாதத்தையும் கையில் எடுத்தனர். முத்தையா முரளிதரன் ஈட்டித்தந்த டெஸ்ட் வெற்றிகளுள் தலையாயது எது என்பதே வாதம். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தவர் ஒன்றைச் சொல்ல, வெள்ளவத்தையார் மற்றொன்றைச் சொன்னார். கல்லூரி மாணவனான என் மருமகனோ, "மாமா, 800ஆவது விக்கட்டை விடப் பெரிது வேறெது?" என்று கேட்டு வாயடைக்கப் பார்த்தான். அவனுக்கு அன்று சொன்ன விடையை இன்று வாசக நேயர்களுக்கும் சொல்கிறேன்.

தரம் பிரிப்பதற்கு அளவுகோல் வேண்டும். விக்கட்டுகளின் தொகை மட்டும் போதாது. எதிரணியின் வலிமை என்ன, வீரர் தோளில் அன்று ஏறியிருந்த சுமை என்ன, வெற்றியால் நாடு பெற்ற பயன் என்ன என்னும் மூன்றையும் சேர்த்தே நிறுத்தல் தகும். 1996இல் லாகூரில் வென்ற உலகக் கிண்ணத்தை இப்பட்டியலில் சேர்க்கவில்லை. அது ஒருநாள் ஆட்டம் என்பதோடு, அன்றைய நாயகர் சதமடித்த அரவிந்த டி சில்வாவே ஆவார்.

நான்காம் இடம், 2002 ஜனவரியில் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் சிம்பாப்வேயை வென்றதற்கு. ஓர் இன்னிங்ஸில் 51 ஓட்டங்களுக்கு 9 விக்கட்டுகள். முரளியின் மிகச் சிறந்த பந்துவீச்சு இதுவே. பத்தாவதைச் சமிந்த வாஸ் வீழ்த்திவிட்டார். ஆயினும் எதிரணி எளியது.

மூன்றாம் இடம், 2006 ஜூனில் நொட்டிங்ஹாமில் பெற்ற வெற்றிக்கு. தொடரில் இலங்கை பின்தங்கி நின்ற வேளை அது. 325 ஓட்டங்களை இலக்காகக் கொண்டு ஆடிய இங்கிலாந்தை 190க்குள் சுருட்டி, 70 ஓட்டங்களுக்கு 8 விக்கட்டுகளைச் சாய்த்தார். தொடர் சமநிலையில் முடிந்தது.

இரண்டாம் இடமே காலிக்கு. 2010 ஜூலையில், 792 விக்கட்டுகளோடு நின்றவர், இந்தியாவுக்கு எதிரான முதலாவது ஆட்டத்தோடு ஓய்வு பெறுவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டார். எட்டு விக்கட்டுகளுக்கு ஓர் ஆட்டம்! முதல் இன்னிங்ஸில் ஐந்து கிடைத்தன. இரண்டாவதில் 799 வரை வந்தபின் லக்ஷ்மண் ஓட்டத்தின்போது ஆட்டமிழக்க, எஞ்சியது ஒரே விக்கட். அதை வேறொருவர் வீழ்த்தியிருந்தால் கதை 799உடன் முடிந்திருக்கும். கடைசியில் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்து மஹேல ஜயவர்தனவின் கையில் அடங்கியது. அந்த நெஞ்சுரம் போற்றத்தக்கதே. ஆனால் அன்று முரளியின் தகுதியை ஐயுற்றோர் அரியர். ஊரே அவருக்காகக் காத்திருந்தது.

முதலிடம், 1998 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்திற்கே உரியது. அதற்கு இரண்டு ஆண்டுகளும் எட்டு மாதங்களும் முன்னர், 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்போர்னில், நடுவர் டெரல் ஹெயார் அவரது பந்தை ஏழு முறை 'நோ போல்' என்றார். பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கையை, எறிகின்ற கை என்றனர். 1996இல் ஆய்வுகளின்பின் சர்வதேச கிரிக்கெட் சபை அவரது பந்துவீச்சை ஏற்றுக்கொண்டபோதும், முணுமுணுப்பு ஓயவில்லை.

அந்தச் சுமையோடுதான் அவர் ஓவலில் இறங்கினார். நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க, இங்கிலாந்தை முதலில் ஆடச் சொன்னார். இரு இன்னிங்ஸ்களுக்குமிடையே முரளிக்கு ஓய்வு கிடைக்கவேண்டுமென்பது அவர் கணக்கு. இங்கிலாந்து 445, முரளிக்கு ஏழு விக்கட்டுகள். சனத் ஜயசூரியவின் 213, அரவிந்தவின் 152 ஆகியவற்றின் துணையால் இலங்கை 591. இரண்டாம் முறை இங்கிலாந்து 181க்குள் அடங்கியது. முரளி 65 ஓட்டங்களுக்கு ஒன்பது பேரை வீழ்த்தினார். எஞ்சிய ஒருவர் ஓட்டத்தின்போது ஆட்டமிழந்தார். மொத்தம் 16 விக்கட்டுகள், அதற்காக வீசிய பந்துகள் 683! இங்கிலாந்து மண்ணில் இலங்கை பெற்ற முதலாவது டெஸ்ட் வெற்றி அதுவே.

நாடு பெற்ற பயனையும் காண்க. அதுவரை இங்கிலாந்து சென்றபோதெல்லாம் இலங்கைக்குக் கிடைத்தது ஒரேயொரு டெஸ்ட். அடுத்த பயணமாகிய 2002இல் கிடைத்தவை மூன்று. விருந்தினர் வரிசையின் கடைசியில் இருந்தவருக்குத் தலைவாழை இலை போடப்பட்டது போலாயிற்று.

1999 ஜனவரியில் அடிலெய்டில் மீண்டும் அவரது கையைக் குற்றங்கூறினர். 2005இல்தான் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் பொதுவாக 15 பாகை என விதி வகுக்கப்பட்டது. விதி பேசுமுன்னரே ஓவலில் அந்தக் கை தன் வழக்கைத் தானே வாதிட்டுவிட்டது. ஆகவே, 800 என்பது அறுவடை. ஓவலோ விதைப்பு என்றேன்.

மருமகன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்படியானால் காலி இரண்டாவதாகவே இருக்கட்டும், மாமா" என்றான். கொட்டாஞ்சேனையார் மட்டும் இன்னும் இணங்கவில்லை. 1992இல் தம் வீட்டுக்கு அண்மையிலுள்ள பிரேமதாச மைதானத்தில் முரளி முதல் டெஸ்ட் ஆடியதே எல்லாவற்றிலும் பெரிது என்கிறார் அவர்! ஊர்ப்பற்றுக்கு எந்த அளவுகோலை வைப்பது, நேயர்களே?